படலையைச் சாத்தி வைத்திருந்த மாதங்கள்

என் மனைவி றெஜினா கர்ப்பப்பைக் கழுத்தில் வந்த புற்றுநோயால் இறந்துபோனாள். இந்த ஒரு வசனத்தை இடையில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க எனக்கு நெடுநாள் ஆனது. அவள் உயிரோடு இருந்தவரைக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் "வயித்துக்குள்ளை ஒரு புண்" என்றுதான் சொன்னேன். புண் என்றால் ஆறி மாறிவிடும் என்று நினைப்பார்கள். மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகர் ஆட்கள், கத்தோலிக்கர். வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். ஒரே மகள் டிலானி பட்டணத்தில் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறாள். றெஜினாவின் தங்கை றீற்றா அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். பக்கத்து வளவில் பிலோமினா அக்கா. அவர் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து, றெஜினாவோடு இருந்து தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டில் அடுப்பு மூட்டப் போவார். நோய் வருமுன் எங்கள் தெருவாசல் படலை பகல் வேளையில் சாத்திக் கிடந்ததில்லை.

மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆன பிறகு றெஜினாவுக்கு மறுபடியும் இரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பழைய சீலைத் துண்டுகளை வைத்துச் சமாளித்திருக்கிறாள். ஒரு காலை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் ஏற்றினார்கள். உள்ளே இருந்து சிறு சதைத் துண்டொன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று வைத்தியர், அவர் ஒரு பெண், கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஏனம்மா இவ்வளவு காலமும் வரேல்லை?"

றெஜினா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "வெக்கமாக் கிடந்தது டொக்டர்."

எங்கள் சனம் 'கறண்ட் பிடிக்கிறது' என்று சொல்கிற கதிர்ச் சிகிச்சை சில வாரங்கள் நடந்தது. கொஞ்சக் காலம் நன்றாக இருந்தாள். திரும்பவும் கோயிலுக்குப் போனாள், மீன் வாங்கினாள், டிலானியோடு சண்டை பிடித்தாள். பிறகு ஒரு நாள் பூசை நடுவில் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றுமுதல் அவள் கோயிலுக்குப் போகவில்லை.

நடந்தது இதுதான். உள்ளே நோய் அரித்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. சிறுநீர் அவளால் அடக்க முடியாமல் எந்நேரமும் கசிந்தது. அதோடு, நோய் பிடித்த சதை அழுகுகிற மணமும் சேர்ந்தது. எப்படிக் கழுவினாலும் போகாத மணம். எத்தனையோ பேருக்கு இது நடக்கிறது என்று இப்போது தெரியும். அன்றைக்கு உலகத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது என்றுதான் நினைத்தோம்.

நான் விறாந்தையில் படுக்கத் தொடங்கினேன். அறைக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். அது மார்கழி மாதம். றெஜினா அலுமாரியைத் திறந்து எனக்கொரு போர்வை எடுத்துத் தந்தாள்.

கிளினிக்கில் அவள் எப்போதும் வாசலோரம் கடைசி வாங்கில்தான் இருப்பாள். ஒரு நாள் பக்கத்தில் வந்திருந்த பெண் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தாள். எனக்குக் கண் சிவந்தது. அவளை ஏசுவதற்கு வாய் திறந்தவன், நான் மட்டும் எங்கே படுக்கிறேன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் வைத்தியர், கூட வந்திருந்த டிலானியையும் சேர்த்து, எங்களை உள்ளே இருத்திச் சொன்னார். "நோயை மாத்திறதுக்கு இனி வழியில்லை. அதுக்காகச் செய்ய ஒண்டுமில்லை எண்டு நினைக்காதேங்கோ." பிறகு பக்கத்து அறையில் இருந்த ஒரு தாதியைக் கூப்பிட்டு எங்களை ஒப்படைத்தார்.

தர்சினி மிஸ்ஸியை நாங்கள் சந்தித்தது அப்படித்தான். தாதிமாரை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் தோட்டம் செய்கிற குடும்பத்தவர்; நாற்பது வயதளவில் இருக்கும். முன்பு ஆஸ்பத்திரி நோயாளர் விடுதியில் ஊசி போட்டுத் திரிந்தவர். இப்போது நோய் மாறாத ஆட்களுக்கும் அவர்களுடைய வீட்டுக்காரருக்கும் பொறுப்பான இணைப்பாளர்.

"நான் மருந்து எழுதிற ஆள் இல்லை," என்றார். "உங்கடை கஷ்டத்தை டொக்டருக்கு விளங்கப்படுத்திறது, டொக்டர் சொல்லுறதை உங்களுக்கு விளங்கப்படுத்திறது, வீட்டிலை என்ன தேவையெண்டு பாத்து ஒழுங்குசெய்யிறது, உதுதான் என்ரை வேலை. இனி எதுக்கும் முதல் எனக்குப் போன் எடுங்கோ. ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியாத கேள்வியெல்லாம் என்னட்டைக் கேளுங்கோ."

"வீட்டிலை என்ன கஷ்டம்?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றுமில்லை என்றோம். அவர் வற்புறுத்தவில்லை. டிலானியையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு றெஜினாவோடு தனியாகக் கதைத்தார். பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"அண்ணை, மணம் பெரிய கஷ்டமா இருக்கோ?"

ஆரோ எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத சொல் அது. நான் தலையை ஆட்டினேன். அவர் கடையில் சாமான் விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். மணம் வருவது அவள் உடம்பு அழுக்கானதால் இல்லை. செத்த சதையில் வளர்கிற ஒரு வகைக் கிருமியால். அதற்குக் குளிசை மருந்து இருக்கிறது. முழுதாகப் போகாது, ஆனால் அறைக்குள் இருக்கலாம் என்கிற அளவுக்குக் குறையும். சிறுநீருக்கு ஒரு குழாய் வைத்துப் பார்க்கலாம். தோல் அவியாமல் பூசுவதற்குக் களிம்பு இருக்கிறது.

இவ்வளவும் இருந்திருக்கிறது. நாங்கள் கேட்காததால் கிடைக்கவில்லை. கேட்கத் துணியாமல் நான் விறாந்தையில் படுத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருவதாக மிஸ்ஸி சொன்னதும் றெஜினா பதறிப்போனாள். "ஆஸ்பத்திரி வாகனம் ஒழுங்கைக்குள்ளை வரவேண்டாம் மிஸ்ஸி. சனம் பாக்கும்." மிஸ்ஸி சரி என்றார். அவர் வந்தது ஸ்கூட்டரில், சாதாரணச் சீலையில், ஆரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிற மாதிரித் துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு. அந்தப் பைக்குள் கையுறையும் குழாயும் இருந்தது படலைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வெட்கத்தை அவர் ஒருநாளும் முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. அதுவும் எங்கள் வருத்தத்தின் ஒரு பகுதி என்பதுபோலத்தான் நடந்துகொண்டார்.

முதல் நாள் றெஜினா அவரிடம் கேட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "கிளினிக் சுவரிலை ஒரு படம் ஒட்டியிருக்கு மிஸ்ஸி. இந்த நோய் புருசன் பெண்சாதிச் சேர்க்கையாலை பரவிற கிருமியாலை வாறதாம். அப்ப, இது என்னிலை இருந்ததோ? இவரிலை இருந்ததோ?"

எனக்குத் தெரிந்து நான் பிழை ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் தலை குனிந்துவிட்டது. அவளும் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை எத்தனை மாதம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருப்பாள்!

"அக்கா, அது அனேகமா எல்லாருக்கும் வந்து போற கிருமி," என்றார் மிஸ்ஸி. "சிலருக்கு மட்டும் போகாமல் நிண்டிடும். எப்ப வந்தது, எப்பிடி வந்தது எண்டு டொக்டர்மாராலையும் சொல்லேலாது. உங்களிலையும் குற்றமில்லை, அண்ணையிலையும் குற்றமில்லை. நோய்க்கு நடத்தை தெரியாது."

றெஜினா நெடுநேரம் அழுதாள். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

அடுத்தது கழுவுகிற விசயம். அதுவரை அவள் தானே எழும்பித் தானே எல்லாம் செய்தாள். இப்போது கால் வீங்கி, நிற்கப் பலமில்லை. டிலானி தான் செய்வதாகச் சொன்னாள். "பெத்த பிள்ளைக்கு முன்னாலை என்னாலை ஏலாது," என்று றெஜினா ஒரேயடியாக மறுத்தாள்.

"அப்ப ஆர் செய்தா உங்களுக்குப் பறுவாயில்லை, அக்கா?"

"ஒருத்தரும் வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "இவர் செய்வாரெண்டால்…" என்றாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் எங்கே தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. வெந்நீர் வாளியைப் பிடிப்பது, ஒருபக்கம் சரித்துப் படுக்கவைப்பது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது என்று மிஸ்ஸி ஒவ்வொன்றாகச் செய்து காட்டிவிட்டு, "இனி நீங்கள் செய்யுங்கோ, நான் விறாந்தையிலை நிக்கிறன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். றெஜினா துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். எஞ்சின் ஒயில் ஊறிய என் விரல்கள் அவளுக்குச் சொரசொரப்பாக இருந்திருக்கும்.

"நோகுதோ?"

"இல்லை." துவாய்க்குள் இருந்துதான் பதில் வந்தது. "உங்களுக்கு அரியண்டமா இல்லையோ?"

அருவருப்பு இல்லை என்று சொன்னேன். அது பொய். ஆனால் சில நாட்களில் அது பொய்யாக இல்லாமல் போனது. எந்த நாளில் என்று எனக்கே தெரியாது. குளிசையும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஒரு காலை அவளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது துவாய் அவள் முகத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். நான் திரும்பவும் அறைக்குள் பாய் போட்டுப் படுத்தேன். அவளும் ஏனென்று கேட்கவில்லை.

நோவுக்கு, கடும் வலியைக் குறைக்கிற மோபீன் தந்தார்கள். சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது, கொடுத்தால் அதோடு சரி என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். மிஸ்ஸி அதையும் உடைத்துச் சொன்னார்: நோவின் அளவுக்குக் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. நோ வந்த பிறகு ஓடிப்போய்க் கொடுக்காமல், வருமுன் வேளைக்கு வேளை கொடுக்க வேண்டும். மலம் இறுகும், அதற்கு வேறு மருந்து. மோபீன் வந்த பிறகுதான் றெஜினா திரும்பவும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், டிலானியின் சட்டைக்கு நிறம் சரியில்லை என்றாள்.

இந்தக் காலம் முழுதும் எங்கள் படலை சாத்தியே கிடந்தது. ஆனால் அதைத் தட்டவும் ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்கு ஆறாத கோபம். தினமும் வந்து நாடகம் பார்த்த பிலோமினா அக்கா, ஏதோ சொல்லிவைத்தாற்போல் ஒரு நாளோடு நின்றுவிட்டார். மணத்துக்கு அருவருத்துத்தான் நிற்கிறார் என்று முடிவுகட்டினேன். ஒரு தடவை வேலிக்கு மேலாலே டிலானியிடம் ஒரு சட்டி மீன் சொதி கொடுத்திருந்தார். "வீட்டுக்குள்ளை வர மனமில்லாத ஆக்களின்ரை சாப்பாடு எங்களுக்கு வேண்டாம்," என்று அவருக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்லிச் சட்டியைத் திருப்பி அனுப்பினேன்.

றீற்றாவும் வரவில்லை. அவளைத் தடுத்தது றெஜினாதான். சிறுவயதில் தாயில்லாமல் வளர்ந்த தங்கையைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். "அவள் என்னை உப்பிடிப் பாக்கக்கூடாது," என்பாள். றீற்றா தொலைபேசி எடுத்தால் தடிமன், காய்ச்சல், நித்திரை என்று நான் பொய் சொல்வேன்.

மிஸ்ஸி ஒரு நாள் எங்களை ஒன்றாக இருத்தினார். சிறுநீரகம் வேலை செய்வது குறைந்துவிட்டது, இனி நித்திரை கூடும் என்று சொன்னார். கடைசி நாட்களில் எங்கே இருக்க விருப்பம் என்று றெஜினாவிடம் கேட்டார்.

"வீட்டிலை," என்றாள்.

எனக்கு ஆஸ்பத்திரிதான் விருப்பம். வீட்டில் நடந்தால் என்ன செய்வது, ஊர் உள்ளே வந்து பார்க்குமே என்ற பயம். அதை அவள் முன் சொல்ல வெட்கம். மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். "அண்ணை, ஏலாது எண்டு சொல்லுறது குற்றமில்லை. இப்ப சொன்னா அதுக்கேத்த மாதிரி ஒழுங்கு செய்யலாம்."

"பயமாக் கிடக்கு," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

றெஜினா கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள். "எனக்கும்தானே," என்றாள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது, எங்களால் ஏலாமல் போனால் விடுதியில் ஒரு கட்டில் என்று ஒழுங்கானது. மிஸ்ஸி முன்கூட்டியே விடுதிக்குச் சொல்லிவைத்தார். வீட்டில் இறந்தால் விசாரணை அது இது என்று அலையாமல், ஆரிடம் என்ன கடிதம் வாங்க வேண்டும், கிராமசேவையாளருக்கு எப்படி அறிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு அது எவ்வளவு உதவியது என்று சொல்லத் தேவையில்லை.

போகுமுன் மிஸ்ஸி றெஜினாவின் கட்டிலில் அமர்ந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தங்கச்சியை உள்ளை விடுறதும் விடாததும் உங்கடை விருப்பம். ஆனா பிறகு மனம் மாறினா, அப்ப கதைக்கப் பலமிருக்காது. அதை மட்டும் யோசியுங்கோ."

அடுத்த நாள் காலை றெஜினா என்னிடம், "றீற்றாவை வரச்சொல்லுங்கோ," என்றாள்.

றீற்றா வந்தாள். அறை வாசலில் நின்றாள். றெஜினா, "கிட்ட வராதை, மணக்கும்," என்று தொடங்கி, நோயின் பெயரிலிருந்து எல்லாவற்றையும் தானாகவே சொன்னாள். ஒன்றும் விடவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற றீற்றா, "அக்கா, எனக்கொருத்தரும் சொல்லேல்லையே!" என்று குழறியபடி வந்து கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பிறகு அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. பாதர் வந்து எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். றெஜினா நற்கருணை வாங்கினாள்.

ஒரு பின்னேரம், மழை விட்ட கையோடு, மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரத் தொடங்கியது. அப்படி வருமென்று மிஸ்ஸி முன்பே சொல்லியிருந்தபடியால் நாங்கள் ஓடித் திரியவில்லை. டிலானி அவருக்குத் தொலைபேசி எடுத்தாள். "ஒண்டும் செய்யத் தேவையில்லைப் பிள்ளை. கையைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ. காது கேக்கும், கதையுங்கோ," என்றார். றீற்றா செபமாலை சொன்னாள். எனக்கு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. காலையில் ஆருடைய எஞ்சினைத் திருத்தினேன், அதில் என்ன பழுது என்று சொன்னேன். அது முடிந்ததும் அடுத்த எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் மூச்சு நின்றது.

செத்தவீடு முடிந்து சில நாட்களில் மிஸ்ஸி வந்தார். நோயாளி போன பிறகும் ஒரு தடவை வந்து பார்ப்பது அவருடைய வழக்கமாம். டிலானி தேத்தண்ணி போடப் போன நேரம் நான் மெல்லச் சொன்னேன்.

"அவளை அடக்கம் செய்த அண்டைக்கு இரவு நான் நல்லா நித்திரை கொண்டனான் மிஸ்ஸி. ஆறுதலாக் கிடந்தது. நான் என்ன மனிசன்?"

"கனபேர் இதை என்னட்டைச் சொல்லுவினம் அண்ணை," என்றார். "எல்லாரும் உப்பிடிக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம்." எனக்கு அது போதுமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு. பிலோமினா அக்கா கோயிலுக்கு வந்தவர் வீட்டுக்கு வரவில்லை. அடக்கப் பூசையிலும் அவர் பின்வரிசையில் நின்றபோது நான் முகத்தைத் திருப்பியிருந்தேன். ஆட்கள் போன பிறகு சோறு சமைத்த கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்த றீற்றாவிடம் சொன்னேன். "பாத்தியே, மணம் போயும் அந்த மனிசி வாசலை மிதிக்கேல்லை."

றீற்றா கழுவுவதை நிறுத்தினாள்.

"அத்தான், அவவை வரவேண்டாமெண்டு சொன்னது நான்."

எனக்கு விளங்கவில்லை.

"அவவுக்கு மட்டுமில்லை, ஒழுங்கை முழுக்கச் சொன்னன். அக்கா மறைக்கிறா, அவவாக் கூப்பிடுமட்டும் ஒருத்தரும் போகாதேங்கோ, போனா அவ குறுகிப்போவா எண்டு. பிலோமினா அக்கா ஒவ்வொரு பின்னேரமும் என்னட்டை வந்து, இண்டைக்கு எப்பிடியாம் எண்டு கேட்டிட்டுத்தான் போவா."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"விரிப்பு ஒவ்வொரு நாளும் கொடியிலை காய்ஞ்சுது. டெற்றோல் மணம் றோட்டு வரைக்கும் வந்தது. பொம்பிளையளுக்கு விளங்காதே அத்தான்? எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மறைச்சியள், நாங்களும் தெரியாத மாதிரி இருந்தம்."

"அப்ப, அண்டைக்கு வந்து ஒண்டும் தெரியாத மாதிரி அழுதியே?"

"அவ வாய் திறந்து சொன்னாப்பிறகுதானே எனக்கு அழ ஏலும்," என்றாள் றீற்றா.

அவள் திரும்பவும் கிடாரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். நோய்க்காக வெட்கப்பட்டேன், மணத்துக்காக வெட்கப்பட்டேன், பயத்துக்காகவும் நித்திரைக்காகவும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், சட்டியைத் திருப்பி அனுப்பியும் முகத்தைத் திருப்பியும் அவரை வாசலுக்கு வரவிடாமல் செய்தது நான்தான் என்று அந்த நேரம் வந்த வெட்கத்துக்கு ஈடாகாது.

பின்னேரம் பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவர்தான் முதலில் கேட்டார்.

"தம்பி, கடைசி நேரம் றெஜினாவுக்கு நொந்ததே?"

இவ்வளவு மாதமும் அவர் கேட்க நினைத்து அடக்கிவைத்த கேள்வி அது. நோகவில்லை என்றேன். பிறகு குசினியில் அவள் விழுந்த நாளிலிருந்து, இங்கே எழுதியிருக்கிற எல்லாவற்றையும், விறாந்தையில் நான் படுத்ததையும் விடாமல், சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்றார்.

நிமிர்ந்து பார்க்க முடியாமல்தான் இருந்தேன். ஆனால் எழும்பிப் போகவில்லை. அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.